அடுப்பில் வெந்த பேனா

என் மகன் கடைந்த முதல் பேனா என் சம்பந்தியம்மாவின் கைக்குப் போனது. இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. எரியவில்லை என்று எழுதினால் அது பொய்.

முதல் என்றால் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அதற்கு ஒரு முறை இருக்கிறது. மாடு கன்று போட்டால் முதல் சீம்பால் கோயிலுக்கு, அடுத்த செம்பு வீட்டில் மூத்தவளுக்கு. கொடியில் முதலில் காய்த்த போஞ்சியை யாரும் விற்க மாட்டார்கள், அதை வீட்டில்தான் ஆக்குவார்கள். பிள்ளையின் முதல் சம்பளம் தாயின் மடிக்கு வரும். என் மகன் ஹட்டனில் கடைசல் பட்டறையில் சேர்ந்து வாங்கிய முதல் சம்பளத்தைக் கவரைக்கூடப் பிரிக்காமல் என் மடியில் வைத்தவன்தான். அதனால் பேனாவும் அப்படித்தான் வரும் என்று இருந்தேன். இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்பது கிடையாது.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. நான் இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை கழுவிக்கொண்டிருந்தேன். இஸ்தோப்பு என்பது லயத்துக் காம்பிரா வீட்டின் முன்னால் இருக்கும் அந்தச் சின்னத் தாழ்வாரம். மகன் பின்பக்கமிருந்து வந்தான். கையில் பேனா. கருநீலம், நடுநடுவே வெள்ளை ஓடியிருந்தது. சட்டையில் தேய்த்துத் தேய்த்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். நான் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டேன்.

"அம்மா, நாங்க ஹட்டனுக்குப் போயிட்டு வந்துர்றோம். அத்தைக்கு இன்னைக்குப் பொறந்த நாளு" என்றான்.

என்னைத் தாண்டிப் போய்விட்டான். மருமகள் பின்னாலேயே குடையும் கேக் பெட்டியுமாகப் போனாள். நான் துடைத்த கையை மறுபடி கீரைத் தண்ணீரில் விட்டேன்.

சம்பந்தியம்மா என்றால் மருமகளின் தாய். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். ஹட்டன் டவுனில் வீடு. குளியலறையில் வழுவழுப்பான கல் பதித்திருக்கும். சங்கிலி போட்ட மூக்குக்கண்ணாடி. பஸ்ஸில் ஏறினால் யாராவது ஒருவர் எழுந்து, "டீச்சர், இங்க ஒக்காருங்க" என்பார்கள். எனக்கும் எழுந்து இடம் கொடுப்பார்கள், ஆனால் அது என் முழங்காலுக்காக.

பேனா வேலை நடக்கிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அது என் மாட்டுப்பட்டி. லயத்துக்குப் பின்னால் நான் என் கையால் கல் அடுக்கிக் கட்டியது. முழங்கால் போன பிறகு மலைக்குப் போய்ப் புல் அறுக்க முடியவில்லை, மாட்டை விற்றேன். மகன் வேலை செய்த பட்டறையும் மூடியாகிவிட்டது. அவன் சின்னதாக ஒரு கடைசல் மெசினை வாங்கி வந்து, பட்டிக்குச் சிமெந்து பூசி, ஜன்னல் வைத்து, கரண்டு இழுத்து, மாடு நின்ற இடத்தில் அதை நிறுத்தினான். மாடு கட்டிய முளையில் இப்போது அவனுடைய தோல் ஏப்ரன் தொங்குகிறது.

பேனா செய்யப் போகிறேன் என்றபோது நான் சிரித்தேன். கடையில் இல்லாத பேனாவா? போனில் வெள்ளைக்காரர்கள் கடைவதைப் பார்த்துப் பார்த்துப் பழகினான். கொழும்பிலிருந்து பார்சலில் அக்ரிலிக் கட்டைகள் வரும். கட்டை என்று அவன்தான் சொல்வான். மரமில்லை, கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக். ஒவ்வொன்றும் விரல் நீளம், சதுரமாக இருக்கும். அதை அளவுக்கு வெட்டி, நடுவில் துளை போட்டு, துளைக்குள் பித்தளைக் குழாயைப் பசை தடவிச் செருக வேண்டும். பசை நன்றாக இறுகின பிறகுதான் மெசினில் மாட்டலாம். கட்டை சுற்றும், உளியைக் காட்டுவான், சதுரம் போய் உருண்டையாகும். பிறகு சேண்ட் பேப்பரைத் தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்து, மெருகு போட்டு, முனையையும் கிளிப்பையும் பொருத்தினால் பேனா. நுவரெலியாவில் வெளிநாட்டுக்காரர்கள் வருகிற ஒரு கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பான்.

மெருகு போடுவது மருமகள் வேலை. இரண்டு பேரும் உள்ளே இருந்தால் சிரிப்பும் பேச்சுமாக இருக்கும். நான் போனால் பேச்சு நின்றுவிடும். "என்னம்மா வேணும்?" என்பான். எனக்கு என்ன வேண்டும்? என் மாட்டுப்பட்டிக்குள் நான் வருவதற்கு ஏதாவது வேண்டுமா?

அதனால் நானே ஒரு வேலையை எடுத்துக்கொண்டேன். கடையும்போது கட்டையிலிருந்து நாடா நாடாவாகச் சீவல் விழும். சிவப்பு, பச்சை, மினுங்கும் கறுப்பு. அதைக் கூட்டி என் பழைய கொழுந்துக் கூடையில் அள்ளுவேன். தோட்டத்தில் போஞ்சிக் கொடிக்கு மேலே கயிறு கட்டி, அந்தச் சீவலைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டேன். காற்றுக்கு ஆடி மினுங்கும். குருவி கிட்ட வராது. பக்கத்துக் காம்பிராக்காரிகள் எல்லாரும் வந்து கேட்டு வாங்கிப் போனார்கள். அதில் எனக்கு ஒரு பெருமைதான். ஆனால் சீவல் சீவல்தானே.

என் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்து டிவிஷனில் கொழுந்து கிள்ளுவதில் என் கைக்கு ஒரு பேர் இருந்தது. கொழுந்து குறைந்தால் அன்றைக்கு அரைப்பேர்தான் போடுவார்கள், அதாவது அரைநாள் சம்பளம். எனக்கு அரைப்பேர் விழுந்ததே இல்லை. மழையில் கண்ணைத் திறக்க முடியாத நாளிலும் விரல் தானாகப் போய் இளசைக் கிள்ளும், முத்தலை விட்டுவிடும். மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா எத்தனையோ பேரின் கூடையைக் கொட்டிக் கிளறிப் பார்த்திருக்கிறார், என் கூடையைப் பார்த்ததில்லை. இப்போது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடாது. இடையில் ஒரு சந்து. மெல்லிய பொருளைப் பிடித்தால் அந்தச் சந்து வழியாக விழுந்துவிடும்.

எழுத்தும் வரும், மெதுவாக. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் இருந்தேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஒவ்வொன்றாகத்தான் எழுதுவேன். எழுதினால் பிழை பார்க்க ஆள் வேண்டும். ஆனால் எழுதுவேன்.

பிறந்த நாள் முடிந்து கொஞ்ச நாளில் சம்பந்தியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். வரும்போதே தெரிந்தது. சுவெட்டரின் கழுத்தில், தாலிக்கொடி மாதிரி எல்லாருக்கும் தெரிகிற இடத்தில், அந்த நீலப் பேனா.

"வாங்க சம்பந்தி, ஒக்காருங்க" என்றேன்.

உட்கார்ந்ததும் பேனாவைக் கழற்றினார். "பாருங்க சம்பந்தி, ஒங்க மகனோட கை வேலைய. பஸ்ஸுல எல்லாரும் வெளிநாட்டுச் சாமானான்னு கேக்குறாங்க."

என் மகனின் கைவேலையை அவர் எனக்குக் காட்டுகிறார். வாங்கிப் பார்த்தேன். ஒல்லிப் பேனா. வழுவழுவென்று இருந்தது. விரல் சந்தில் நழுவித் தரையில் விழுந்து உருண்டு கதவடிக்குப் போய்விட்டது.

"அய்யய்யோ, பாத்து சம்பந்தி!" அவரே ஓடிப்போய் எடுத்தார். எடுத்து, ஊதி, சேலையில் துடைத்து, முனையைத் திருகித் திருகிப் பார்த்தார். நான் என்னமோ அதைக் குப்பையில் போட்டுவிட்டது மாதிரி.

பிறகு மகனைப் பார்த்து, "ஏன் மாப்புள, அம்மாவுக்கு ஒண்ணு செஞ்சு குடுக்கலயா?" என்று கேட்டார். நல்ல மனசோடுதான் கேட்டிருப்பார். அது இன்னும் மோசம்.

மகன் சிரித்தான். "அம்மா எங்க அத்தை எழுதப் போறாங்க!"

மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஆமா, எனக்கு எதுக்கு? காது கொடையவா?" என்றேன். அதற்கு இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். நான் தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனேன். சம்பந்தியம்மாவின் தேத்தண்ணிக்கு சீனி போட மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு அவர் வந்தது சும்மா இல்லை. ஆசிரியர் தினம் வருகிறது, அவர் முன்பு படிப்பித்த பள்ளிக்கூடத்தில் எல்லா ஆசிரியர்களுக்கும் ஆளுக்கொரு பேனா பரிசாகக் கொடுக்க வேண்டும், அதை மருமகனிடமே செய்விக்கலாம் என்று அந்தப் பள்ளி அதிபரிடம் பேசி முடித்துவிட்டு வந்திருந்தார். பள்ளிக்கூட நிறம், கருஞ்சிவப்பு. மகனுக்கு அவ்வளவு பெரிய வேலை அதுவரை வந்ததில்லை. முகம் மலர்ந்துவிட்டது.

"அத்தை இல்லாட்டி இதெல்லாம் நடக்குமா!" என்றான்.

நடக்காதுதான். பட்டி கட்டினது யார் என்று அந்தக் கல்லிடம் கேட்டிருக்கலாம்.

வேலை தொடங்கியதும் மழையும் தொடங்கியது. எங்கள் பக்கத்து மழை பெய்து ஓய்கிற மழை இல்லை. மேகம் இறங்கி வந்து ஜன்னலுக்குள்ளே நிற்கும். உப்பு கரையும், தீப்பெட்டி நமுக்கும். கருஞ்சிவப்புக் கட்டைகளை வெட்டித் துளைத்துக் குழாய் செருகிப் பலகையில் வரிசையாக வைத்திருந்தான். காலையில் ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பார்த்தான்.

"இந்தக் குளிருல பசை எறுகவே மாட்டேங்குது. காஞ்சாத்தானே கடையலாம்" என்று அலுத்துக்கொண்டான்.

மருமகள் ஒரு குண்டு பல்பை வயரில் கட்டிப் பலகைக்கு மேலே தொங்கவிட்டாள். "இந்தச் சூடு போதுங்க" என்றாள். இரண்டு பேரும் பேனா முனை, கிளிப் எல்லாம் வாங்க ஹட்டனுக்குப் போனார்கள்.

நான் பட்டிக்குள் போய்ப் பார்த்தேன். பல்பு. அந்தப் பல்பின் சூட்டில் ஒரு ஈசல்கூடக் காயாது. இந்த மலையில் எது பல்பில் காய்ந்திருக்கிறது? அடுப்புக்கு மேலே கம்பி கட்டி ஒரு தகரத் தட்டுத் தொங்குகிறது, எல்லா வீட்டிலும் தொங்கும். பிள்ளையின் வெள்ளைச் சட்டை அதில்தான் காய்ந்தது. சப்பாத்து, காலுக்குப் போடும் மேஸ், விறகு, மிளகாய், கம்பளி எல்லாம் அதில்தான். ஒருமுறை தண்ணி ஓடும் கானுக்குள் விழுந்த ரேடியோகூட அதில் காய்ந்து பாடியிருக்கிறது.

கட்டைகளை முறத்தில் வைத்து எடுத்து வந்து, தட்டில் ஒன்றோடு ஒன்று முட்டாமல் அடுக்கினேன். கவ்வாத்து வெட்டின தேயிலைக் குச்சி, மிலாறு, காய்ந்து கிடந்தது. அதை வைத்து அடுப்பை நன்றாக எரியவிட்டேன். மிலாறு சூடு உறைப்பான சூடு. எரியவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மகன் வருவான், தொட்டுப் பார்ப்பான், "அட, அம்மா காய வச்சிட்டாங்க" என்பான். ஆசிரியர் தினத்துக்கு அந்தப் பேனாக்கள் போகும்போது, ஆர்டர் பிடித்தது சம்பந்தியம்மா, காய வைத்தது நான். அந்தக் கணக்கில்தான் இருந்தேன்.

பின்னேரம் பஸ்ஸில் வந்தார்கள். சம்பந்தியம்மாவும் வேலை எப்படிப் போகிறது என்று பார்க்கக் கூடவே வந்திருந்தார். வாசலில் நின்றதுமே மகன் மூக்கை உறிஞ்சினான்.

"என்ன இது நாத்தம்?"

எனக்கு விறகு நாற்றத்துக்கு மேலே ஒன்றும் தெரியவில்லை. உள்ளே ஓடினான். தட்டிலிருந்து ஒன்றை எடுத்தான். கை சுட்டுக் கீழே போட்டான். கரித்துணியால் பிடித்து இன்னொன்றை எடுத்தான். உள்ளே இருந்த பித்தளைக் குழாய் வழுக்கிப் பாதி வெளியே வந்திருந்தது. நடுவில் இருந்தவை வீங்கிக் கோணலாகிவிட்டன. சிலதற்குள் சின்னச் சின்னக் குமிழ்கள்.

சம்பந்தியம்மா எட்டிப் பார்த்தார். "அடுப்புக்கு மேல யாராவது பிளாஸ்டிக்க வைப்பாங்களா சம்பந்தி? கருவாடா இது?"

மகன் என்னைப் பார்த்தான். "ஏம்மா?"

"காயலன்னு சொன்னியே."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"நீ எங்கிட்டக் கேட்டியா?"

"எத?"

எதை என்று நான் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியவும் இல்லை. முறத்தில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு பட்டிக்குப் போனான். மெசின் ஓடுகிற சத்தம் கேட்டது, உளி பட்ட சத்தம் கேட்டது, பிறகு படீரென்று கட்டை தெறித்துத் தகரத்தில் அடித்த சத்தம். மறுபடி ஒன்று. மறுபடி. அதற்குப் பிறகு மெசினை நிறுத்திவிட்டான்.

குசினியில் மருமகள் தாயிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "வேணும்னு செஞ்சிருக்க மாட்டாங்கம்மா."

"நான் அப்பிடிச் சொன்னேனா? நீயா ஏன் சொல்ற?" என்றார் அவர்.

இரண்டு பேருக்கும் அந்த நினைப்பு இருந்தது, அதனால்தான் இரண்டு பேரும் இல்லை என்றார்கள். நான் இதை இங்கே எழுதிவைக்கிறேன். எனக்குப் பொறாமை இருந்தது, இருக்கிறது. ஆனால் கட்டையைக் கெடுக்க வேண்டும் என்று வைக்கவில்லை. அந்தப் பேனாக்கள் நன்றாக வர வேண்டும் என்று என்னைவிட ஆசைப்பட்ட ஆள் அந்த வீட்டில் இல்லை. என் பங்கும் அதில் இருக்க வேண்டுமே.

எப்படியோ ஆர்டர் கைவிட்டுப் போகாமல் தப்பியது. கொழும்புக்குப் போன் போட்டுப் புதுக் கட்டைகள் பஸ்ஸில் வந்தன. கருஞ்சிவப்பு போதாமல் கொஞ்சம் கருநீலமும் அனுப்பியிருந்தார்கள். மகனும் மருமகளும் பட்டியே கதியென்று கிடந்து கடைந்து முடித்தார்கள். நீலம் கிடைத்தால் மூஞ்சியைச் சுளிப்பார்களோ என்று பயந்தோம். கடைசியில் டீச்சர்மார் நீலத்துக்குத்தான் சண்டை போட்டார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சம்பந்தியம்மா சிரித்தார். நீலம் முதலில் யாரிடம் இருந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அந்த நாட்களில் மகன் என்னோடு கோபமாகப் பேசவில்லை. கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "சாப்புட்டீங்களாம்மா", "மருந்து குடிச்சீங்களாம்மா" என்று, நோயாளியிடம் பேசுகிற மாதிரிப் பேசினான். பட்டிக் கதவை வெளியே போகும்போது பூட்ட ஆரம்பித்தான். மாடு இருந்தபோதுகூட அந்தக் கதவுக்குப் பூட்டு இருந்ததில்லை.

வெந்துபோன கட்டைகள் பட்டி மூலையில் ஒரு பழைய பெயின்ட் வாளியில் கிடந்தன. வேலையெல்லாம் முடிந்து அவன் சும்மா இருந்த ஒரு நாள், நான் உள்ளே போய், வாளிக்குள் கையை விட்டு, வெடிக்காமல் இருந்த ஒன்றைத் தடவி எடுத்தேன். எடுத்து அவன் முன்னால் வைத்தேன்.

"இதக் கடஞ்சு குடு."

"இது வெந்துபோன கட்டைம்மா. குழாயும் கோணலா நிக்கிது. உளி பட்டா தெறிச்சிரும்."

"தெறிக்கட்டும்."

"எதுக்கும்மா இப்ப?"

கேட்காமலே வர வேண்டியது. கேட்டு வாங்குவது எனக்குச் சாவுதான். ஆனால் கேட்காமல் இருந்தால் அவனுக்கு உறைக்கவே உறைக்காது என்று அந்தப் பூட்டைப் பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

"மொதச் சம்பளத்த யாரு மடியில வச்ச?" என்று கேட்டேன்.

"ஒங்க மடியில."

"மொதப் பேனா எங்க போச்சு?"

மருமகள் மெருகுத் துணியைக் கையில் வைத்தபடி அசையாமல் நின்றாள்.

"அம்மா, நான் நெனச்சேன், நீங்க எழுத..."

"எழுதுறனா இல்லியான்னு நீ வந்து பாத்தியா? எழுதாட்டித்தான் என்னடா? ஒங்க அத்தை சுவெட்டருல குத்திக்கிட்டுத் திரியிறாங்களே, அந்நேரம் எழுதுறாங்களா?"

மருமகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன் தாய் என்று பார்க்காமல் துணியால் வாயை மூடிக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவளை எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

மகன் எழுந்து சுவர்த் தட்டிலிருந்து நல்ல கட்டை ஒன்றை எடுத்தான். மினுங்கும் பச்சை. "இந்தாங்க, இதுல புதுசா ஒண்ணு செஞ்சு தாறேன். எது வேணுமோ எடுங்க."

"எனக்கு இதுதான் வேணும்."

"ஏம்மா பிடிவாதம் பிடிக்கிறீங்க?"

நல்ல கட்டையில் செய்தால் அது நான் எத்தனையாவது ஆள்? கடைக்காரனுக்குப் பிறகு, டீச்சர்மாருக்குப் பிறகு, வெள்ளைக்காரனுக்குப் பிறகு. அடுப்பில் வெந்த கட்டையில் யாருக்கும் இதுவரை செய்ததில்லை. இதில் செய்தால் நான்தான் முதல். இதை அவனிடம் சொல்லவில்லை. "கடையிறியா, நான் போகவா?" என்று மட்டும் கேட்டேன்.

கடைந்தான். நான் பக்கத்தில் நின்றேன், அவன் போகச் சொல்லவில்லை. குழாயை மறுபடி பசை போட்டு ஒட்டி, பல்புக்கடியிலேயே நாள் கணக்கில் வைத்து எடுத்திருந்தான். உளியைத் தொட்டும் தொடாமலும் காட்டினான், மூச்சைப் பிடித்துக்கொண்டு. ஒரு முனையில் ஒரு சில்லுத் தெறித்தது. நிறுத்தினான். தடவிப் பார்த்தான். மறுபடி ஓட்டினான்.

"இதுக்கு மேல மெலிய விட ஏலாதும்மா. குழாய் கோணல். இன்னும் எடுத்தா ஒரு பக்கம் பித்தளை தெரியும்."

"அப்பிடியே விடு."

இரண்டு முனையும் சிறுத்து, நடுவில் தொப்பையாக நின்றது. மருமகள் மெருகு போட்டுக் கொடுத்தாள். கருஞ்சிவப்புக்குள் அந்தச் சூட்டுக் குமிழ்கள், கஞ்சி கொதிக்கும்போது எழும்புகிற மாதிரி, ஒவ்வொன்றும் ஒரு வெளிச்சத்தோடு நின்றன.

"பிள்ளத்தாச்சி மாதிரி இருக்குங்க அத்தை" என்று அவள் சிரித்தாள்.

வாங்கிப் பிடித்தேன். விழவில்லை. தொப்பை, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலிருந்த அந்தச் சந்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. மகன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். என் விரலை அவன் அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான். பட்டிக்கு அதற்குப் பிறகு பூட்டுப் போடவில்லை.

சரஸ்வதி பூசை வந்தது. மெசினைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பட்டிக்குள்ளேயே படம் வைத்துப் பூசை செய்தோம். உளியெல்லாம் வரிசையாக வைத்தான். சம்பந்தியம்மா வந்து தன் நீலப் பேனாவைத் தட்டின் நடுவில் வைத்தார். நான் என்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தேன். கொஞ்சம் தள்ளித்தான் வைத்தேன், அவருடையதை.

மறுநாள் காலையில் பேனாவை எடுத்து ஆளுக்கு ஒரு வரி எழுத வேண்டும், அதுதான் முறை. நல்ல குளிர். சம்பந்தியம்மா பிள்ளையார் சுழி போட்டார். கோடு எங்கேயோ போனது. பேனா விரலில் நிற்கவில்லை. அப்போதுதான் பார்த்தேன், அவர் விரல் மொளிகளும் வீங்கித்தான் இருக்கின்றன. சாக்பீஸ் பிடித்த கைக்கும் குளிர் குளிர்தான் போல.

"அத இப்பிடிக் குடுங்க சம்பந்தி" என்று என் பேனாவை வாங்கினார். பிள்ளையார் சுழி போட்டார். நேராக நின்றது. கீழே ஒரு வரி எழுதினார். முத்து முத்தான எழுத்து. அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினார். மூன்றாவது வரிக்குப் போனார். நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லாருக்கே இது! கையில அப்பிடியே ஒக்காருது. மாப்புள, எனக்கும் இது மாதிரி ஒண்ணு கடஞ்சு குடுங்களேன்."

மகன் என்னைப் பார்த்தான். அவன் தலைக்குப் பின்னால் சுவர்த் தட்டில் கட்டைகள் நிறத்துக்கு நிறம் அடுக்கியிருந்தன. எதைக் கடைந்தாலும் நடுவில் தொப்பை விட்டுக் கடையலாம். அது அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

"அது அடுப்புல வெந்த கட்டை சம்பந்தி. கடையில வாராது" என்றேன்.

"அதுக்கென்ன? ஒண்ண அடுப்புக்கு மேல வச்சு எடுத்தாப் போச்சு."

"அடுப்புக்கு மேல யாராவது பிளாஸ்டிக்க வைப்பாங்களா?" என்றேன். "கருவாடா இது?"

மருமகள் சட்டென்று குனிந்து தரையில் இல்லாத எதையோ தேடினாள். சம்பந்தியம்மா கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துவிட்டு மருமகன் பக்கம் திரும்பினார். அவன் சொல்வதுதான் இப்போது இருந்தது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. காலையில் பெரட்டில் நின்று வேலைக்குப் பேர் கூப்பிடும்போதுகூட அப்படி அடித்ததில்லை.

"ஆமாங்க அத்தை" என்றான் அவன், தட்டுப் பக்கம் திரும்பாமல். "வெந்ததுல அது ஒண்ணுதான் தேறுச்சு."

நான் கையை நீட்டினேன். சம்பந்தியம்மா பேனாவை ஒருமுறை உருட்டிப் பார்த்தார், பிறகு சேலைத் தலைப்பில் துடைத்துத்தான் கொடுத்தார். நான் வாங்கி, இன்னொரு தடவை துடைத்துக்கொண்டேன்.